அநாதார காலத்தில் ஒருவர்

தமிழிலக்கிய வரலாற்றைக் காலம் காலமாக வகுத்துப் படிப்பது இன்று பாடசாலை மாணவருக்கும் பழக்கமான காரியம். சங்க காலம், பல்லவர் காலம், சோழர் காலம் என அவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவர். இவ்வாறு வகுத்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணமே அரிதாயிருந்த காலத்தில், 1881ஆம் ஆண்டு வெளிவந்த வீரசோழியப் பதிப்பின் முன்னுரையில் ஓர் அறிஞர் தமிழின் வரலாற்றை எட்டுக் காலங்களாகப் பகுத்துக் காட்டினார். அபோத காலம், அக்ஷர காலம், இலக்கண காலம், சமுதாய காலம், அநாதார காலம், சமண காலம், இதிகாச காலம், ஆதீன காலம் என்பன அவர் இட்ட பெயர்கள். இப்பகுப்பைப் பின்வந்தோர் ஏற்றிலர். ஆயினும் அவற்றுள் ஐந்தாவது பெயர் நம் நெஞ்சில் நிற்கத்தக்கது. அநாதார காலம் என்றால் ஆதாரம் அற்ற காலம். சங்கம் ஒடுங்கிய பின், புரப்பாரும் பேணுவாருமின்றித் தமிழ் தனித்து நின்ற காலத்தை அவர் அப்பெயரால் குறித்தார்.

பழைய காலம் ஒன்றுக்கு அவர் இட்ட அப்பெயர் அவர் வாழ்ந்த காலத்துக்கும் பொருந்துவதாயிற்று. அவர்தாம் ஈழநாடு தமிழுலகுக்கு அளித்த பதிப்பாசிரியர், சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை மகனார் தாமோதரம்பிள்ளை அவர்கள்.

சிறுப்பிட்டியிலிருந்து சென்னைக்கு

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னும் ஊரில் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் தேதி பிள்ளையவர்கள் பிறந்தார்கள். தாயார் பெருந்தேவி அம்மையார். தமிழைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் கற்றார்கள். ஆங்கிலக் கல்வி தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் கிடைத்தது. 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பெற்ற அந்தச் செமினரி, கணிதமும் வானநூலும் தருக்கமும் ஆங்கில இலக்கியமும் ஒருங்கே போதித்த கலைக்கோயிலாக விளங்கியது. ஒரு கையில் கவிராயர் வழிவந்த பழந்தமிழ், மறு கையில் மேனாட்டு ஆராய்ச்சி முறை. இவ்விரண்டும் ஒரே மாணாக்கரிடத்தில் வந்து சேர்ந்தது, பின்னால் நிகழவிருந்தவற்றுக்கு வித்தாயிற்று.

கோப்பாய்ப் போதனா பாடசாலையில் சிறிது காலம் ஆசிரியராயிருந்தபோதே, இருபது வயதைத் தாண்டிய இளைஞர், குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் பேர்சிவல் பாதிரியார் அவரைச் சென்னைக்கு வரவழைத்தார். தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணியும் உடன் வந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் பி. ஏ. பட்டதாரிகளாக வெளிவந்த இருவர், தாமோதரம்பிள்ளையும் அவருடைய ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளையுமாவர். இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.

அதன்பின் கள்ளிக்கோட்டையில் ஆசிரியப் பணி, சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியில் உயர்ந்த உத்தியோகம், 1871இல் பி. எல். பட்டம் என அவருடைய உலக வாழ்வு ஒழுங்காக உயர்ந்துகொண்டே சென்றது. அவ்வளவில் அமைந்திருந்தால் அவர் நல்ல உத்தியோகத்தராக வாழ்ந்து, நல்ல ஓய்வூதியம் பெற்று, மறக்கப்பட்டிருப்பார். அவரை அவ்வாறு அமைதியாக இருக்கவிடாதவை சில பனையோலைக் கட்டுகள்.

ஏட்டின் நிலை

அக்காலத்தில் பழைய நூல் ஒன்றைப் பதிப்பித்தல் என்பதன் பொருளை இன்றைய வாசகர் எளிதில் உணரார். அச்சிட்ட புத்தகத்தை வாங்கிப் படிக்கும் நமக்கு நூல் என்பது எப்போதும் இருப்பது. ஏட்டுச்சுவடியின் ஆயுளோ மனிதர் கையைப் பொறுத்தது. பனையோலை சில தலைமுறைகள் நிற்கும். அதற்குள் வேறொருவர் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினால் நூல் பிழைக்கும். எழுதாவிட்டால் அதனோடு முடியும். கற்பார் குறைந்த நூலைப் பெயர்த்தெழுதுவாரும் இலர். சைவ புராணங்களும் பிரபந்தங்களும் பரவலாக ஓதப்பட்டு வந்தமையால் அவற்றின் ஏடுகள் பெருகின. சங்க நூல்களையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் ஓதுவார் மிகச் சிலரே. ஆகவே அவற்றின் ஏடுகள் மடங்களிலும் பழைய வித்துவான் வீடுகளிலும் அவிழ்க்கப்படாத கட்டுகளாய்ச் செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையாகிக் கொண்டிருந்தன.

தப்பிக் கிடைத்த ஏட்டையும் வாசித்தல் எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை தோன்றாது. ரகரமும் காலும் ஒரே வடிவாயிருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரையினுள் எடுத்துக்காட்டாக வந்த செய்யுள் எது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். எழுதினோன் ஒரு வரியைத் தாண்டிச் சென்றிருந்தால், வேறொரு பிரதி கிடைத்தாலன்றி அக்குறை வெளிப்படாது. ஒரு நூலுக்குப் பல பிரதி தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாட பேதங்களுள் தக்கதைத் துணிந்து, அச்சுக்கு ஏற்பப் பிரித்தெழுதி, அச்சுப்பிழை திருத்தி முடிப்பதற்குள் ஆண்டுகள் கழியும். இத்தனைக்கும் ஊதியம் கிடையாது. செலவு மட்டும் உண்டு.

துணை அகன்றபின்

1868ஆம் ஆண்டு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பிள்ளையவர்கள் வெளியிட்டார்கள். அப்பதிப்பை ஆய்ந்து உதவியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள். பத்து வயது மூத்தவரும், தம்மைப்போல் யாழ்ப்பாணத்தவரும், பிழையற்ற பதிப்புக்குத் தமிழ்நாடு முழுவதும் பேர் பெற்றவருமாகிய நாவலர் பக்கத்தில் இருக்கையில் ஐயுறவும் அச்சமும் தோன்றுதற்கு இடமில்லை. திணறிய இடத்தில் கேட்கலாம். குறை கூறுவோர் வாய் திறப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவர்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆந் தேதி நாவலர் மறைந்தார். சொல்லதிகாரம் வெளிவந்ததன்பின் பிள்ளையவர்களுடைய பெரும் பழநூற் பதிப்பு எதுவும் அதுவரை தோன்றவில்லை. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. வழிகாட்டி இல்லை, வள்ளல் இல்லை, ஏடு தேடிக் கொடுக்கும் கழகம் இல்லை, விலை கொடுத்து வாங்கும் வாசகர் கூட்டமும் இல்லை. தமிழ் கற்ற வித்துவான்களுட் பலருக்கு இவர் ஆங்கிலம் படித்த உத்தியோகத்தர். ஆங்கிலம் கற்றவருக்கோ இவர் செல்லரித்த ஓலையில் காலத்தை வீணாக்குபவர். இரு சாராரிடத்தும் முழு உறவின்றி நடுவே நின்றார்.

இத்தகைய நிலையில் மனிதர் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்வர். தக்க துணை வரட்டும் எனக் காத்திருப்பர். அல்லது நம்மால் ஆகாதென்று கைவிடுவர். பிள்ளையவர்கள் மூன்றாவது வழியைக் கண்டார்கள். நாவலர் மறைந்து இரண்டு ஆண்டுக்குள், 1881இல், வீரசோழியம் அச்சேறியது. அது புத்தமித்திரர் என்னும் பௌத்தர் சோழப் பேரரசின் காலத்தில் இயற்றிய இலக்கணம், உரை பெருந்தேவனாருடையது. சைவ மகத்துவம் எழுதிய சைவர், கைவிடப்பட்ட பௌத்த இலக்கணம் ஒன்றைத் தேடியெடுத்துப் பதிப்பித்தார் என்பது எண்ணற்பாலது. சமயம் வேறு, தமிழ்ச் செல்வம் வேறு எனப் பிரித்துணரும் தெளிவு அவரிடம் இருந்தது. அப்பதிப்பின் முன்னுரையிலேதான் அநாதார காலம் என்னும் பெயரும் இடம்பெற்றது.

பொருளின்றி எழுத்தும் சொல்லும் எதற்கு?

1883ஆம் ஆண்டு இறையனார் அகப்பொருளை உரையுடன் பதிப்பித்தார்கள். தணிகைப் புராணமும் அதே ஆண்டில் வெளிவந்தது. இறையனார் அகப்பொருளுரையில் ஒரு வரலாறு கூறப்படுகிறது. பாண்டி நாட்டிலே பன்னீராண்டு வற்கடம் வந்தது. புலவர் நாடெங்கும் சிதறிப் போயினர். மழை பெய்து நாடு செழித்த பின் அரசன் அவர்களைத் தேடுவித்தான். எழுத்து வல்லாரும் சொல் வல்லாரும் அகப்பட்டனர். பொருளதிகாரம் வல்லார் ஒருவரும் அகப்படவில்லை. எழுத்தும் சொல்லும் ஆராய்வது பொருளின் பொருட்டேயன்றோ, பொருள் இல்லையேல் அவற்றாற் பயன் என்ன என்று அரசன் கவன்றானாம்.

பழங்கதையில் பாண்டியனுக்கு நேர்ந்த அதே குறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு மழவை மகாலிங்கையர் 1840களின் இறுதியிலேயே அச்சிட்டிருந்தார். சொல்லதிகாரத்தைப் பிள்ளையவர்கள் வெளியிட்டாயிற்று. பொருளதிகாரம் மட்டும் முழுமையாக எவர் கையாலும் அச்சேறவில்லை. அகமும் புறமும் இன்னவை, களவும் கற்பும் இன்னவை, மெய்ப்பாடும் உவமமும் செய்யுளும் இன்னவை என வகுக்கும் அப்பகுதி இல்லையேல் சங்கப் பாட்டுகள் பூட்டிய வீடாகவே இருக்கும்.

ஏன் ஒருவரும் முன்வரவில்லை? பிள்ளையவர்கள் தம் பதிப்புரையில் இதற்குக் காரணம் ஆராய்கிறார்கள். அவர்கள் கருத்தின் சாரம் இது: கல்வியிற் பெரும்பெயர் பெற்றோர், இத்துணைக் கடினமான நூலிற் கைவைத்துப் பிழைபட்டால் ஈட்டிய பெயரை இழக்க நேருமென்று அஞ்சுவர்; கல்லாதோர்க்கோ இது இயலாது. ஆகவே, இழப்பதற்குப் பெரும்புகழ் ஒன்றும் இல்லாத தம்மைப் போன்ற ஒருவரே துணிதல் வேண்டும்.

இக்கருத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். இதனைப் பணிவுரை என்று மட்டும் கொள்ளலாகாது. துணையற்று நின்ற ஒருவர் தம் அகத்தினின்று வலிமையைத் தோண்டியெடுத்த முறை இதில் வெளிப்படுகிறது. நமக்கு அச்சத்தைத் தருவது பெரும்பாலும் வேலையின் கடுமையன்று. அவ்வேலையிலே தோற்றால் பிறர் முன் நம் நிலை என்னாகும் என்னும் எண்ணமே. பிள்ளையவர்கள் அவ்வெண்ணத்தை முதலிலேயே வேரறுத்தார்கள். பிழை வரும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆன்றோர் திருத்துக என்று வேண்டினார்கள். பிழையோடாயினும் நூல் உலகில் நிற்பது நன்றா, பிழையஞ்சி அது பூச்சிக்கு இரையாவது நன்றா என்னும் ஒரே வினா எஞ்சியது. அதற்கு விடை ஐயத்துக்கு இடமற்றது.

1885ஆம் ஆண்டு பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரை என்னும் பெயரோடு வெளிவந்தது. பிழை நேராமலில்லை. ஒன்பதியல்களின் உரையையும் நச்சினார்க்கினியருடையதென்றே அவர்கள் கொண்டார்கள். பின்னிரு பத்தாண்டுக்குள், அதன் இறுதி நான்கு இயல்களுக்கு அங்கே அச்சான உரை பேராசிரியருடையது என அறிஞர் ஆராய்ந்து காட்டினர். ஆனால் அவ்வாராய்ச்சியைச் செய்தற்கு அவர்கள் கையில் இருந்த நூல் எது? பிள்ளையவர்கள் அச்சிட்டுக் கொடுத்த நூலே. திருத்துவார் திருத்துக என்று அவர் விட்ட அழைப்பு வீண்போகவில்லை.

பொருளும் மனமும்

1880களின் தொடக்கத்தில் அரசாங்க உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார்கள். பின்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் சில ஆண்டுகள் விளங்கினார்கள். இவ்வழி வந்த பொருளிற் பெரும்பகுதி ஏடு தேடுவதிலும், எழுதுவோர்க்குக் கூலி கொடுப்பதிலும், அச்சுக்கூலியிலும் கரைந்தது. அச்சிட்ட புத்தகங்கள் விலையாகாமல் தங்கின. தமக்கு நேர்ந்த பொருள் நட்டத்தையும், தமிழர் காட்டிய பாராமுகத்தையும் பதிப்புரைகளிலே அவர்கள் மறைக்கவில்லை. தொட்டால் ஓரம் உதிர்வதும், கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடிவதும், எழுத்திருந்த இடமெல்லாம் பூச்சி உழுத சால்களாயிருப்பதுமாகிய ஏட்டின் அவலத்தைப் படிப்போர் உள்ளம் உருகும்படி எடுத்துரைத்தார்கள். செல்வர்களை நோக்கி வேண்டினார்கள், இடித்தும் உரைத்தார்கள்.

உள்ள உறுதி படைத்தோர் குறையொன்றும் கூறாது வாய்மூடிச் சுமப்பர் என்று நினைப்பது வழக்கம். பிள்ளையவர்களிடம் அவ்வழக்கம் இல்லை. குறையைச் சொன்னார்கள், ஆனால் குறையைச் சொல்வதற்காக வேலையை நிறுத்தவில்லை. உதவி கேட்டார்கள், ஆனால் உதவி வந்த பின்பே தொடங்குவேன் என்று இருக்கவில்லை. ஏடு கொடுத்தவர்களை மறவாது பெயர் கூறிப் பாராட்டினார்கள். முற்றும் தனியாக நின்று செய்தேன் என்று அவர்கள் கூறிக்கொண்டதில்லை. ஆதாரமற்ற நிலையிலும் கிடைத்த சிறு ஆதாரங்களை நன்றியோடு எண்ணுதல் ஒருவகை வலிமையேயாம்.

1887இல் கலித்தொகை நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அதுவே. 1889இல் இலக்கண விளக்கமும், சமண காவியமாகிய சூளாமணியும் வந்தன. 1892 அளவில் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தன. ஐம்பதாம் வயதை ஒட்டித் தொடங்கிய இவ்வேலை அறுபதாம் வயதளவில் இவ்வாறு ஒரு வரிசையாய் நிறைந்து நின்றது. இதற்கிடையே தாய்நாட்டையும் மறந்தாரல்லர். ஏழாலையில் அவர் நிறுவிய சைவப் பாடசாலையிலே சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் ஆசிரியராயிருந்து மாணாக்கரை உருவாக்கினார்.

கும்பகோணத்தில் ஓர் இளைஞர்

கும்பகோணக் கல்லூரியில் அப்போது தமிழாசிரியராயிருந்தவர் உ. வே. சாமிநாதையர். பிள்ளையவர்களிலும் இருபத்துமூன்று வயது இளையவர். அவர் சீவக சிந்தாமணியைப் பல்லாண்டு ஆராய்ந்து வைத்திருந்தார். அதனைத் தாமே பதிப்பிக்கலாமென விரும்பிய பிள்ளையவர்கள், அவ்வாராய்ச்சிப் பிரதியைத் தம்மிடம் தருமாறு கேட்டார்கள். அச்சுத் தொழிலில் அனுபவமில்லாத இளைஞர் இப்பெருஞ்சுமையைத் தாங்குவாரோ என்னும் ஐயம் முதியவருக்கு. ஆண்டுக்கணக்காக உழைத்த நூலைப் பிறர் கையில் ஒப்புவிக்க மனமின்மை இளையவருக்கு. முடிவில் ஐயர் தாமே பதிப்பிப்பதென உறுதி கொண்டார். சிந்தாமணி 1887இல், கலித்தொகை வெளிவந்த அதே ஆண்டில், அழகிய பதிப்பாக வெளிவந்தது.

தாம் விரும்பியது கைகூடாமை பிள்ளையவர்களுக்கு வருத்தமாயிருந்திருக்கலாம். ஆனால் அவர் பணி அதனால் தடைப்படவில்லை என்பதற்குப் பின்வந்த பதிப்புகளே சான்று. ஐயரவர்களும் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என ஒன்றன்பின் ஒன்றாய் அளித்தார்கள். தம்மைத் தவிர வேறொருவரும் இல்லையே என்று ஏங்கி நின்ற முதியவரின் கண்முன்னே, அச்சுமையைத் தம்மினும் செவ்விதாகத் தாங்கும் ஒருவர் தோன்றிவிட்டார். பழந்தமிழ் நூற்பதிப்பை ஒரு மனையாக உருவகித்து, நாவலரை அடிப்படை இட்டவராகவும், தாமோதரம்பிள்ளையைச் சுவர் எழுப்பியவராகவும், ஐயரைக் கூரை வேய்ந்தவராகவும் திரு. வி. க. பின்னாளில் போற்றியதை யாவரும் அறிவர். கூரையைத்தான் தூரத்திலிருந்து வருவோர் காண்பர். சுவர் கூரையின் நிழலில் மறைந்து நிற்கும். ஆயினும் சுமை முழுவதும் அதன்மேலேயே.

இறுதி நாள்

1895ஆம் ஆண்டு அரசாங்கம் அவர்களுக்கு ராவ்பகதூர் என்னும் பட்டத்தை வழங்கியது. அது தமிழ்ப் பணிக்கு நேர்ந்த நட்டத்தை ஈடு செய்யவில்லை. ஈடு செய்ய வேண்டுமென்று அவர்களும் எதிர்பார்த்திலர். 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் தேதி, இருபதாம் நூற்றாண்டின் முதல் நாளன்று, தம் அறுபத்தொன்பதாம் வயதில் சென்னையில் இயற்கை எய்தினார்கள். அவர்களுடைய பெருமையைப் பரிதிமாற் கலைஞர் பாவாற் புகழ்ந்தார்.

அவர்கள் மறைந்த அந்நூற்றாண்டின் முதற் கால் நூற்றாண்டுக்குள் எட்டுத்தொகை முழுவதும் அச்சேறிவிட்டது. இன்று யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ ஒரு மாணவன் கலித்தொகைப் பாட்டொன்றைப் பொருளுணர்ந்து படிக்கிறானெனில், அவனுக்கும் அப்பாட்டுக்கும் இடையே சிறுப்பிட்டியார் ஒருவர் நிற்கிறார். அவர் பெயரை அவன் அறியாமலும் இருக்கலாம்.

அநாதார காலம் என்பது ஒரு மொழிக்கு மட்டும் வருவதன்று. ஒவ்வொரு மனிதருக்கும் வரும். கிராமத்துப் பாடசாலையில் ஒற்றை ஆசிரியராய் நின்று கற்பிப்பவருக்கு வரும். வழிகாட்டுவாரின்றிப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கு வரும். வாசிப்பார் உண்டோ இல்லையோ என்னும் ஐயத்தோடு எழுதும் எழுத்தாளனுக்கும் வரும். அப்போது தாமோதரம்பிள்ளையவர்களின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது பெரிய வீரமன்று. உதிரும் ஏட்டுக்கட்டு ஒன்று முன்னே கிடக்கிறது. துணை வருமா என்று வாயிலை நோக்கிக்கொண்டிராமல், முதல் ஏட்டை மெல்லப் பிரித்து, தெரிந்த எழுத்தைப் படித்து, தெரியாததைக் குறித்துவைத்து, அடுத்த ஏட்டுக்குச் செல்லுதல். அவர் செய்தது அவ்வளவே. அவ்வளவினால் ஒரு மொழியின் முதுசொம் மீண்டது.